பங்கு போட்ட அரை அடி

அளவைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

லெவல் கருவியின் குழாயில் நான் முதன்முதலாகக் கண்ணை வைத்தபோது உலகம் தலைகீழாகத் தெரிந்தது. அந்தக் காலத்துக் கருவி அப்படித்தான் காட்டும். வானம் கீழே கிடந்தது. பனைமரங்கள் அதற்குள் தொங்கிக்கொண்டிருந்தன. எதிரே அளவுகோலைப் பிடித்து நின்ற துலுக்காணம், காலை மேலேயும் தலையைக் கீழேயும் வைத்துக்கொண்டு சாவகாசமாகப் பீடி குடித்தான். புகை கீழ்நோக்கி மிதந்தது. நான் அன்றைக்கு வெறும் சாமான் தூக்கும் ஆள். பெரியவர்கள் டீக்குப் போன நேரத்தில் திருட்டுத்தனமாகப் பார்த்தேன். கண்ணை எடுக்க மனசு வரவில்லை.

உங்களுக்குக் கொடுத்திருக்கும் கருவி எல்லாவற்றையும் நேராகக் காட்டுகிறது. எண்களைக்கூட அதுவே எழுதிக்கொள்கிறது. சந்தோஷம். ஆனாலும் கண்ணுக்குத் தெரிவது ஒன்று, தரையில் இருப்பது வேறு என்பதை என் பழைய கருவி எனக்கு முதல் நாளே காட்டிக் கொடுத்தது. நான்தான் பிற்பாடு மறந்துபோனேன். எப்படி மறந்தேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பத்தாவதோடு என் படிப்பு முடிந்தது. மற்றதெல்லாம் பார்த்தும் கேட்டும் கற்றுக்கொண்டதுதான். என் அளவுப் புத்தகங்களில் முன்பக்கம் முழுக்க எண்கள் இருக்கும்; பின்பக்கத்தைத் திருப்பினால் ஜனங்கள் பேசிய பேச்சு இருக்கும். டீக்கடையில், வரப்பில், பஸ்ஸில் யாராவது ஒரு வார்த்தையை அழகாகச் சொல்லிவிட்டால் எனக்குக் கை பரபரக்கும். கரையான்சாவடியில் பழக்கடைக்காரம்மா ஒருத்தி, வேகாத வெயிலில் நின்று நான் அளப்பதைப் பார்த்துவிட்டு, "இன்னா சாரே, பூமிக்கு ஜொரமா? கம்பிய வச்சி பாத்துகினே கீறியே" என்று கேட்டாள். அது இன்னும் என் புத்தகத்தில் இருக்கிறது. இந்த ஆசையும் என் தப்பில் ஒரு பங்குதாரர். அதற்கு வருகிறேன்.

செம்பரம்பாக்கத்துக்கு மேற்கே ஒரு பழைய ஏரியை ஆழப்படுத்தி, கரையை உயர்த்தி, நீர்த்தேக்கமாக்கும் திட்டம். அதிலிருந்து ஒரு கால்வாய். வழியில் மிஞ்சியிருக்கும் வயல்களுக்குப் பாசனம், கடைசியில் ஒரு குளம், அங்கிருந்து பம்பு வைத்து டவுனுக்குக் குடிநீர். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் அது. கால்வாயின் பாதையை அளந்து வரைபடத்துக்கு உயரங்கள் கொடுப்பது எங்கள் வேலை. எங்களுக்கு மேலே ஒரு உதவிப் பொறியாளர், என் மகள் வயது. அவர் பெயரை எழுதினால் கோபித்துக்கொள்வார். மேடம் என்றே எழுதுகிறேன். அவர் என்னை அண்ணா என்பார்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் கனவு மாதிரிதான் இருக்கிறது. பிளாட் கற்கள் நட்ட பொட்டலிலும், கிடங்குகளின் நீளச் சுவர் ஓரத்திலும், சீமைக்கருவேலம் மண்டிய பள்ளத்திலும் நானும் துலுக்காணமும் நடப்போம். பாதையில் முளைக்குச்சி அடித்துக்கொண்டே போவோம். சாயங்காலம் திரும்பிப் பார்த்தால், சிவப்புத் துணி கட்டிய குச்சிகளுக்கு நடுவே தண்ணீர் போய்க்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். இன்னும் ஒரு கூடை மண்கூட எடுக்கவில்லை. ஆனாலும் தெரியும். லாரிகள் நிற்கும் இடத்தில் கொக்கு நிற்கும். சுவரில் அலையின் வெளிச்சம் ஆடும். துலுக்காணத்திடம் சொன்னால், "அண்ணாத்தே, நீ தண்ணியே போடாத ஆளு. உனுக்கே இப்டி தெரியுதுன்னா நானெல்லாம் இன்னாத்துக்கு காசு குடுத்துகினு கீறேன்?" என்பான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பக்கத்துத் தரை சாப்பாட்டுத் தட்டு மாதிரி சமம். அங்கே அரை அடி என்பது மலை. உயரம் அளக்க வேண்டுமானால், உயரம் ஏற்கெனவே தெரிந்த ஒரு கல்லில் இருந்து தொடங்க வேண்டும். ஏரிப் பக்கத்திலிருந்து இன்னொரு குழு, இளம் பிள்ளைகள், தங்கள் கல்லில் இருந்து அளந்துகொண்டு வந்தார்கள். நான் கால்வாயின் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கினேன். அங்கே என் கல் இருந்தது. மாதா கோயில் வாசல்படியில் அம்புக்குறி கொத்திய ஒரு கருங்கல். இருபது வருடத்துக்கு முன் வேறொரு வேலைக்காக நானே உட்கார்ந்து கொத்தியது. அதன் உயரம் பழைய பதிவில் இருந்தது. என் மனசிலும் இருந்தது. போய்ப் பார்த்தால் கல் அப்படியே இருக்கிறது. யாரோ அம்புக்குறியைச் சுற்றி வெள்ளைக்கோடுகூட இழுத்து வைத்திருக்கிறார்கள். பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி தடவிக்கொடுத்துவிட்டு வேலையை ஆரம்பித்தேன்.

இரண்டு குழுவும் பெங்களூர் சாலைக்குப் பக்கத்தில் ஒரு சிறுபாலத்தில் சந்தித்தோம். ஒரே பாலம், ஒரே இடம். அவர்கள் கணக்கில் ஒரு உயரம், என் கணக்கில் அதைவிட அரை அடி குறைவு.

அந்தப் பிள்ளைகளுக்குக் கருவியும் புதுசு, அனுபவமும் புதுசு. நான் துலுக்காணத்தைப் பார்த்தேன். அவன் அளவுகோலில் சாய்ந்துகொண்டு சொன்னான்: "கல்லு எங்கியும் போவாது அண்ணாத்தே. ஆளுதான் அங்க இங்க போவான்."

என்ன அழகான பேச்சு! அங்கேயே புத்தகத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். எழுதி முடித்தபோது எனக்குச் சந்தேகமும் தீர்ந்திருந்தது. அழகாக இருந்ததாலேயே அதை நம்பிவிட்டேன். தப்பு அவர்களுடையதுதான். ஆனால் சண்டை எதற்கு? வரைபடம் அவசரம். நீங்களும் கற்றுக்கொண்டிருப்பீர்கள்: நூல் அளவு வித்தியாசம் வந்தால் பாதை நெடுக உள்ள புள்ளிகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு போட்டுவிடலாம் என்று. நூலுக்குச் சொன்னதை நான் அரை அடிக்குச் செய்தேன். பாலத்தில் அவர்கள் எண், கோயிலில் என் எண், நடுவே நாற்பது குச்சிகளுக்கு ஆளுக்கு இத்தனை என்று பிரித்துக் கொடுத்தேன். காகிதத்தில் அரை அடி கரைந்தே போயிற்று.

அடுத்த வாரம் கன்னியம்மா என்னைப் பிடித்தார். கால்வாயின் கடைசி வயல் அவருடையது. ஒன்றரை ஏக்கர், பாதி நெல், பாதி மல்லி. மூன்று பக்கமும் கிடங்குச் சுவர்கள் வந்துவிட்டன. நாலாவது பக்கமும் வேண்டும் என்று ஒரு கம்பெனி ஆள் வந்து போய்க்கொண்டிருந்தான். மகன்கள் இரண்டு பேரும் விற்றுவிடலாம் என்கிறார்கள். கிணறு உப்பேறிவிட்டது, பயிர் வைக்கத் தண்ணீர் இல்லை என்பதுதான் அவர்களுடைய ஒரே வாதம்.

"வெள்ளிக்கெயம அந்த ஆளு வரான், சர்வேயரே. ஆமாவா இல்லியான்னு நான் சொல்லியாவணும். நீ ஒரே வார்த்த சொல்லு. கால்வா தண்ணி என் மடைக்கு வருமா?"

நான் ஏரி இருக்கும் மேற்கே பார்த்தேன். என் குச்சிகள் வரிசையாக நின்றன. அவற்றுக்கு நடுவே எனக்கு மட்டும் தெரியும் அந்தத் தண்ணீர் பளபளத்துக்கொண்டு வந்தது. அவருடைய மல்லிப் பாத்தி வரைக்கும் வந்தது.

"வரும்க்கா" என்றேன்.

"சத்தியமா?"

"நானே அளந்தது."

அவர் முந்தானையில் கட்டியிருந்த மல்லிச் சரத்தில் ஒரு முழம் கிள்ளி, "ஊட்டுக்குக் கொண்டுபோ" என்று கொடுத்தார்.

வியாழக்கிழமை மத்தியானம். துலுக்காணம் வண்டிக்குப் பஞ்சர் போடப் போயிருந்தான். நான் மாதா கோயில் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் சவரிமுத்து கொத்தனார் வேலை செய்துகொண்டிருந்தார். கோயிலுக்குச் சின்னச் சின்ன ரிப்பேர் எல்லாம் அவர் கைதான். கூலி வாங்க மாட்டார். திருவிழா வருகிறதென்று படிகளுக்கு வெள்ளை அடித்துக்கொண்டு வந்தவர், என் கல்லின் அருகே வந்ததும் பெரிய தூரிகையை வைத்துவிட்டுச் சின்னதை எடுத்தார். குழந்தைக்கு மை வைக்கிற மாதிரி அம்புக்குறியைச் சுற்றிக் கோடு இழுத்தார்.

"நீங்கதானா இத்தனை வருஷமா பாத்துக்கறது?" என்றேன்.

"பின்ன? கவர்மெண்டு குறி ஆச்சே சாரே! நீ கொத்தும்போதே நான் பக்கத்துல நின்னுகினு இருந்தேன், கெவனம் கீதா? இத்த யாரும் தொடக்கூடாதுன்னு அப்பவே சொன்னியே." அவருக்குச் சொல்லச் சொல்லப் பெருமை ஏறியது. "அந்தப் பெரிய மயைல கோயிலுக்குள்ள தண்ணி பூந்துச்சு பாரு, அப்பால வாசல ஏத்திக் கட்டணும்னு ஃபாதர் சொன்னாரு. புதுப்படி போட்டா உன் கல்லு அடில மாட்டிக்கும். நான் வுடுவனா? அலுங்காம பேத்து எடுத்து, சாக்குல சுத்தி வச்சிருந்து, மேல் படியில கரெக்டா அதே ஓரத்துல பதிச்சிட்டேன். ஒரு சில்லு போவல, பாரு."

வேப்பம்பூ உதிர்ந்துகொண்டிருந்தது. படிகளை எண்ணினேன். நான் குறி கொத்திய காலத்தில் மூன்று. இப்போது நான்கு. எத்தனை நாள் அந்தப் படியில் ஏறி இறங்கியிருக்கிறேன்! என் குறியைப் பார்த்த சந்தோஷத்தில் கோயிலைப் பார்க்காமல் விட்டேன்.

ஒரு படி. அரை அடி. அந்தப் பிள்ளைகள் சரி. நான் தப்பு. என் பக்கத்துத் தரை முழுவதும் காகிதத்தில் தாழ்ந்துகிடக்கிறது, நிஜத்தில் உயர்ந்து நிற்கிறது. அந்த வரைபடத்தின்படி கால்வாய் வெட்டினால் தண்ணீர் கன்னியம்மாவின் மடைக்கு அரை அடி கீழே நின்றுவிடும்.

"நல்லா பண்ணேனா சாரே?" என்று கேட்டார் சவரிமுத்து.

"ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க" என்றேன். வேறென்ன சொல்ல?

துலுக்காணம் வந்ததும் குமணன்சாவடிக்குப் போய் டீ சொன்னோம். விஷயத்தைச் சொன்னேன். அவன் பீடியைப் பற்ற வைக்க மறந்துபோனான்.

"கல்லே எயுந்து மேல போயிடிச்சா! சரி வுடு அண்ணாத்தே. டவுனுக்கு பம்பு வச்சி இழுக்கப் போறானுங்க, அவனுங்களுக்கு அரை அடி இன்னா, ஒரு அடி இன்னா? கால்வா வெட்டி முடிக்கறதுக்குள்ள நீ ரிட்டேரு. எவன் வந்து படிய எண்ணப் போறான்?"

அவன் சொன்னதையெல்லாம் நான் ஏற்கெனவே எனக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். திங்கட்கிழமை பெரிய அதிகாரிகள் கூட்டம். வரைபடம் போயே ஆக வேண்டும். டவுனுக்குத் தண்ணீர் போகும். திட்டம் நல்ல திட்டம். இதற்கெல்லாம் மறுப்பே இல்லை. டீ ஆறிப்போனது. துலுக்காணம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வேறு குரலில் கேட்டான்:

"நாம அன்னிக்கு அரை அடிய பங்கு போட்டமே அண்ணாத்தே... மொத்தமா அத்த யாரு தலையில கொண்டுபோய் எறக்கினோம்?"

அப்போதுதான் எழுந்தேன்.

மேடம் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு என் அளவுப் புத்தகத்தை வாங்கிப் பாலத்துப் பக்கத்தைத் திருப்பினார்.

"இந்த வித்தியாசம் அன்னிக்கே வந்திருக்கணுமே அண்ணா. எங்க போச்சு?"

"பங்கு போட்டுட்டேன் மேடம்."

"எத்தனை இடத்துக்கு?"

"நாப்பது."

"யார்கிட்டயாவது கேட்டீங்களா?"

"இல்ல மேடம்."

"அந்த அரை அடி உங்ககிட்ட ஏதோ சொல்ல வந்திருக்கு" என்றார். கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. "நீங்க அதைப் பேசவே விடல. சரி, நாளைக்குக் காலையில இருந்து திரும்ப அளப்போம். நானும் வர்றேன். அந்தம்மாகிட்ட யார் சொல்றது?"

"வரும்னு சொன்னது நான். நானே சொல்றேன்."

முப்பத்தைந்து வருட வேலையில் அந்த வரப்பு மாதிரி நீளமான வரப்பை நான் நடந்ததில்லை. கன்னியம்மா மொட்டு பறித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். கை நின்றது.

"தூத்தேறி! நாளைக்கு அவன் வரான். இப்ப வந்து சொல்ற!" மொட்டுக் கூடையை ஓரமாக வைத்தார். "என் புள்ளைங்க ரெண்டு பேரையும் நான் நேத்து வாயடைச்சி வச்சிருக்கேன். சர்வேயரு சத்தியம் பண்ணாருன்னு. நீ இன்னாடான்னா படிய எண்ணாம வந்துட்டேன்னு சொல்ற."

"தப்புதாங்க்கா."

"வருமா, வராதா? அத்த சொல்லு."

"தெரியாது. திங்கக்கிழமைக்குள்ள சொல்றேன்."

வெயில் தணிந்து கிடங்குச் சுவரின் நிழல் மல்லிப் பாத்தி மேல் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது.

"நாலு நாள் அவன நான் டபாய்க்கிறேன். ஒடம்பு சரியில்லன்னு படுத்துக்கறேன். ஆனா இந்த வாட்டி கோயில பாத்து அளக்காத. என்னிய பாத்து அள."

சொன்னதைச் செய்தார். வெள்ளிக்கிழமை கம்பெனி ஆள் வந்தபோது போர்த்திக்கொண்டு முனகினாராம். சனிக்கிழமை, ஏரிப் பக்கத்துக் கல்லில் இருந்து அளந்துகொண்டு நாங்கள் அவருடைய வயலை நெருங்கியபோது, துலுக்காணத்தின் கையிலிருந்த அளவுகோலைப் பிடுங்கித் தன் மடைமேல் தானே நட்டுக்கொண்டு நின்றார். நான் தூரத்திலிருந்து குழாயில் கண்ணை வைத்தேன். அந்தச் சின்ன வட்டத்துக்குள் அவர் மட்டும் இருந்தார். அனல் காற்றில் உருவம் நெளிந்தது. தண்ணீருக்கு அடியில் நிற்பது போல. இத்தனை நாள் நான் கண்ட தண்ணீர் எதுவும் அப்போது வரவில்லை. காய்ந்த மண்ணும் அவரும் அளவுகோலும்தான். எண்ணைப் படித்தேன். மேடம் ஒருமுறை படித்தார். மறுபடி நான் படித்தேன்.

பழைய வரைபடப்படி வராது. அரை அடி, அப்படியே.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மேடம் வழி தேடினார். கடைசிப் பகுதியில் கால்வாயின் சரிவைக் குறைத்தால் தண்ணீர் உயரத்தை விடாமல் வந்து சேரும். ஆனால் மெதுவாக வரும். அதனால் கால்வாயை அகலமாக்க வேண்டும். மெதுவாக வரும் தண்ணீர் வண்டலைப் போட்டுவிட்டுப் போகும். வருடா வருடம் தூர் வார வேண்டும். திங்கட்கிழமைக் கூட்டத்தில் அதைச் சொன்னார். பெரிய அதிகாரி, "கடைசி நேரத்துல ஏன் மாத்தறீங்க? யார் பண்ண தப்பு?" என்றார். "எங்க பிரிவு சார்" என்றார் மேடம். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நான் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுந்து நின்று, "நான்தான் சார்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "ரிட்டையர்மெண்ட் எப்போ?" "பத்து மாசம் சார்." "அதுக்குள்ள சரி பண்ணிட்டுப் போங்க." அவ்வளவுதான். நான் பயந்ததில் பத்தில் ஒரு பங்குகூட நடக்கவில்லை.

அன்று சாயங்காலமே கன்னியம்மாவிடம் போனேன்.

"உங்க மடைக்கு மேல நாலு வெரல் ஒசரத்துக்குத் தண்ணி நிக்கும். வருஷா வருஷம் தூர் எடுத்தா. எடுக்கலைன்னா நிக்காது. கால்வாயை அகலமாக்க உங்க வயல்ல ஓரமா ரெண்டு வரிசை மல்லி போயிடும்."

விரலை மடக்கித் தன் மடைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டார். "அன்னிக்கு நீ சொன்னது சோக்கா இருந்துச்சு. இன்னிக்கு சொல்றது பேஜாரா கீது. ஆனா இத்த நம்பலாம்" என்றார். கம்பெனி ஆளுக்கு இல்லை என்று சொல்லியனுப்பினார். மல்லிச் செடிகளை அவரே வேரோடு எடுத்து வேறு பாத்தியில் வைத்தார்.

நான் ஓய்வு பெற்ற பிறகுதான் கால்வாய் வெட்டி முடித்தார்கள். முதல் தண்ணீர் விடும் அன்று மேடம் போன் செய்தார். பஸ் பிடித்துப் போனேன். கன்னியம்மாவின் மடைக்குப் பக்கத்தில் கரையில் உட்கார்ந்தோம். மேடம் ஏரியில் மதகு திறக்கும் இடத்தில் இருந்தார்; துலுக்காணம் எங்களோடு வந்திருந்தான். தண்ணீர் முதலில் தெரியவில்லை, வாசனைதான் வந்தது. பிறகு ஒரு பழுப்பு நாக்கு, சருகையும் பிளாஸ்டிக் கவரையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, வழி கேட்டுக் கேட்டு வருகிற விருந்தாளி போல வந்தது. கிடங்குச் சுவரில் அலையின் வெளிச்சம் ஆடியது. நான் முன்பே பார்த்த அதே வெளிச்சம். தண்ணீர் மடையைத் தொட்டது, தயங்கியது, மெல்ல ஏறியது, உள்ளே இறங்கியது. காய்ந்த மண் சத்தம் போட்டுக் குடித்தது.

கொஞ்ச நேரம் நிற்கவிட்டு, கன்னியம்மா குனிந்து மடைமேல் கையை வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார்.

"மூணுதான் கீது சர்வேயரே. இன்னொரு வெரலு எங்க?"

துலுக்காணம் வாயைத் திறந்தான். ஏதோ அழகாகச் சொல்லப் போகிறான் என்று அவன் முகத்திலேயே தெரிந்தது. நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"வாங்கக்கா, போய்ப் பார்ப்போம்" என்றேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு, மூன்று பேரும் கரைமேல், தண்ணீர் வந்த திசைக்கு எதிராக நடக்க ஆரம்பித்தோம்.